அப்பப்பாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

கேட்டவர் கனடாவில் இருக்கும் ஒரு பேத்தி. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்த அவருடைய அப்பப்பா 86 வயதில் காலமாகிவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாசிகசாலையும் நடத்தும் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பொருளாளர், செயலாளர், தலைவர் என்று மாறி மாறி நாற்பது வருடத்துக்கு மேல் நின்றவர். கோயில் தொண்டு, இரத்ததான முகாம், முன்பள்ளி என்று எதையும் விட்டுவைக்காதவர். முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு நினைவு மலர் போடவேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை பேத்தியின் தலையில் விழுந்திருக்கிறது. அச்சகம் அனுப்பிய மாதிரியில் யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதாம். "அதில் எங்கள் அப்பப்பா இல்லை, என்ன செய்வது?" என்று கேட்கிறார். அவர் நினைவாக வேறு என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்.

உங்கள் துயரில் நானும் பங்குகொள்கிறேன். இப்படியான மலர்கள் பலவற்றைத் தொகுத்துக் கொடுத்தவன், அதைவிடக் கூடுதலாக வாசித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அச்சகத்தின் மாதிரியை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு துண்டு உங்களுக்கு அப்படியே வேண்டும். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, "அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் மைத்துனரும்" என்று போகும் அந்த மரண அறிவித்தல் நடையைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள். இலங்கை வானொலி மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது காதிலேயே நிற்கிற நடை. ஆனால் ஒரு குடும்பத்தின் உறவுமுறை முழுவதையும் பிழையில்லாமல் அரைப் பக்கத்தில் அடக்க அதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை. அப்பப்பாவின் தாய் எந்த ஊர், அவருடைய சகோதரிகள் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். உங்கள் பிள்ளைகள் வேர் தேடும் காலத்தில் முதலில் கையில் எடுக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே அதை முன்பக்கத்தில் முழுமையாகப் போடுங்கள். வாழ்க்கை வரலாற்றுக்குள் மட்டும் அந்த நடையை விடாதீர்கள்.

பழைய கல்வெட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்களோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் இந்தச் சிறு புத்தகத்துக்கே கல்வெட்டு என்றுதான் பெயர். விநாயகர் காப்பில் தொடங்கி, நாட்டு வளம், ஊர்ச் சிறப்பு, குலமுறை, இறந்தவரின் நற்செயல்கள் என்று விருத்தப்பாவில் போகும். அப்புறம் புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். எல்லாவற்றையும் ஊரில் உள்ள ஒரு புலவரே எழுதிக் கொடுப்பார். வீட்டுக்காரர் ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. இன்றைக்கு அந்தப் பாட்டுகள் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் எல்லாம் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புலவருக்கு ஊர் தெரியும். இறந்தவர் எந்தக் கோயிலில் எந்தத் திருவிழா உபயம் செய்தார், எந்தத் தோட்டத்தில் என்ன விளைவித்தார் என்பது பாட்டுக்குள் எப்படியாவது வந்துவிடும். பாட்டு போய் உரைநடை வந்த பிறகுதான் "அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்ற" என்ற தொடர் எல்லாருக்கும் பொதுச் சட்டையாகிவிட்டது.

சரி, உங்கள் அப்பப்பாவுக்கு வருவோம். நீங்கள் ஏற்கவேண்டிய ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. ஊர்த்தொண்டு செய்த ஒருவரைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர்கள் அவருடைய வீட்டுக்காரர்தான். "அப்பா எந்த நேரமும் சங்கம் சங்கம் என்று திரிந்தார்" என்று உங்கள் அப்பா சொல்வார். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் "கூட்டம்" என்பார். வீட்டுக்கு வந்தது அவருடைய களைப்பும் தாமதமும்தான். வேலை நடந்தது வெளியே. மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் மட்டும் எழுதும் மலரில் அவர் ஒரு நல்ல தகப்பனாக இருப்பார், அவ்வளவுதான். தொண்டரைத் தேடி நீங்கள் படலைக்கு வெளியே போகவேண்டும்.

முதலில் போகவேண்டிய இடம் சனசமூக நிலையத்து அலுமாரி. அங்கே கூட்டறிக்கைக் கொப்பிகள் இருக்கும், அல்லது இருந்திருக்கும். செயலாளராக இருந்த வருடங்களில் அவை அப்பப்பாவின் கையெழுத்திலேயே இருக்கும். கனடாவில் இருந்துகொண்டு நீங்கள் செய்யக்கூடியது, ஊரில் உள்ள ஒரு தம்பியைப் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்வது. "சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வரியைத் தாண்டிப் படியுங்கள். மைதானத்துக்குக் காணி எழுதியது யார், வாசிகசாலைக்கு எந்தெந்தப் பத்திரிகை எடுப்பது என்ற விவாதம், முன்பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கவலை, வீதி திருத்தச் சிரமதானத்துக்கு யார் மண்வெட்டி கொண்டுவருவது என்ற தீர்மானம் எல்லாம் அதில் கிடக்கும். பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். நீங்கள் பேட்டி காணவேண்டியவர்கள் அவர்கள்.

கொப்பி இல்லையென்றால் ஆச்சரியப்படவேண்டாம். வடக்கில் ஒரு சங்கத்தின் ஆவணங்கள் ஐம்பது வருடம் தப்பியிருந்தால் அதுவே ஒரு கதை. அது எப்படித் தப்பியது, யார் வீட்டுப் பரணில் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். பொருளாளராக இருந்தவர்கள் பழைய பற்றுச்சீட்டுக் கட்டைகளைக்கூட எறியமாட்டார்கள். அப்பப்பாவின் மேசை லாச்சியை ஒருமுறை முழுமையாகப் பாருங்கள்.

ஆட்களோடு கதைக்கும்போது "அப்பப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். "தங்கமான மனுஷன், இனி அப்படி ஒருவர் வரமாட்டார்" என்பார்கள். அதற்குமேல் ஒன்றும் வராது. வருடத்தைச் சொல்லி, அந்த நேரம் அவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையின் நினைவு வருடங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் கொழும்பிலிருந்து ஆட்கள் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். உங்கள் ஊருக்கு யார் வந்தார்கள், எங்கே தங்கவைத்தார்கள், சமைத்தது யார்? 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது ஊரில் அரிசியும் உடுப்பும் சேர்த்தார்களா, அவர் கூடப் போனாரா? 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது ஆட்கள் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். அவர் எந்தக் கோயிலில் இருந்தார், தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? 1990இல் மின்சாரம் நின்ற பிறகு ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலத்தில், வாசிகசாலை இரவில் திறந்திருந்ததா? மண்ணெண்ணெய் யார் கொடுத்தது?

1995 ஒக்டோபர் 30ஐ மட்டும் தனியாகக் கேளுங்கள். இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறியபோது குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் உங்கள் வடமராட்சிக்கும் வந்தது. அன்று நீங்கள் வீடு கொடுத்த பக்கம். ஊரில் கூட்டுறவுக் கடையிலும் சனசமூக நிலையத்திலும் இருந்த ஒருவர் அந்த வாரங்களில் சும்மா இருந்திருக்க முடியாது. பங்கீட்டு அட்டை இல்லாமல் வந்தவர்களுக்கு என்ன செய்தார், பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி யாரிடம் போனார், மலசலகூடம் எங்கே வெட்டினார்கள் என்று கேளுங்கள். அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் தங்கிய குடும்பம் இப்போது சுவிஸிலோ பிரான்ஸிலோ இருக்கும். அவர்களைக் கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். உறவினர் பத்துப் பேர் எழுதும் அனுதாபத்தைவிட அந்த ஒரு பக்கம் மேல். 2004 டிசம்பர் 26ஐயும் விடாதீர்கள். வடமராட்சி கிழக்குக் கரை முழுக்கச் சுனாமியில் அடிபட்ட நாள் அது. உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் அங்கே ஓடிப்போன ஊர்க்காரர் பலர் எதையும் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது. மலர்களில் யாரும் தொடுவதில்லை, ஆனால் கேட்கத்தான் வேண்டும். உங்கள் அப்பப்பா இளைஞராக இருந்த 1960களின் கடைசியில் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் சாதித் தடைக்கு எதிரான போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை ஊர் முழுக்க அறியும். அந்த நேரம் உங்கள் ஊர்க் கோயிலில், பொதுக்கிணற்றில், வாசிகசாலை வாங்கில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று ஒரு கதை நடந்திருக்கும். அவர் எந்தப் பக்கம் நின்றார்? சரியான பக்கம் நின்று வீட்டில் ஏச்சு வாங்கியிருந்தால், மலரின் நடுப்பக்கத்தில் போடவேண்டிய விஷயம் அது. நிற்கவில்லையென்றால், அல்லது பேசாமல் இருந்திருந்தால், அதைத் தோண்டி எழுதும்படி நான் கேட்கவில்லை. ஆனால் "சாதி மத பேதமின்றி அனைவரையும் சமமாக மதித்தவர்" என்ற வரியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த வரியை வாசித்து உதட்டைப் பிதுக்கக்கூடியவர்களும் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருவார்கள்.

சண்டைகளும் இருந்திருக்கும். நாற்பது வருடம் சங்கத்தில் இருந்த ஒருவருக்கு எதிராக ஒரு பொதுக்கூட்டமாவது கலைந்திருக்காவிட்டால் அவர் அங்கே வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். கணக்குக் காட்டச் சொல்லி யாரோ எழும்பியிருப்பார்கள். பெடியன்கள் தலைவர் பதவியைக் கேட்டிருப்பார்கள். கோயில் பக்கம் ஒரு கோபம் வந்து மூன்று திருவிழாவுக்குப் போகாமல் இருந்திருப்பார். பெயர் குறிப்பிடாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், அவர் எதில் பிடிவாதம் பிடித்தார் என்பதை எழுதலாம். வாசிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டு "ஓம், அது அவர்தான்" என்று சொல்லும் இடம் அதுவாகத்தான் இருக்கும். இதைப் போடவேண்டாம் என்று உங்கள் பெரியப்பா சொல்வார். அவரிடம் சண்டை பிடிக்கவேண்டாம். அதே விஷயத்தை அப்பப்பாவின் பழைய சங்கக் கூட்டாளி ஒருவரைக் கொண்டு எழுதுவித்தால் பெரியப்பா மறுக்கமாட்டார்.

அப்பம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரோடுதான் கூட நேரம் செலவழிக்கவேண்டும். சங்கக் கூட்டம் வீட்டு விறாந்தையில் நடந்தபோது தேத்தண்ணி ஊற்றியது அவர். சிரமதானத்துக்கு வந்த இருபது பேருக்குப் புட்டு அவித்தது அவர். சந்தா சேராத மாதம் பத்திரிகைக் கடைக்காரருக்கு வீட்டுக் காசு போனபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததும், சிலவேளை மூடாமல் இருந்ததும் அவர்தான். மகளுக்குக் காய்ச்சல் அடித்த இரவில் அப்பப்பா எங்கே நின்றார் என்று அவருக்குத் திகதியோடு நினைவிருக்கும். எத்தனையோ மலர்களில் இந்தப் பெண்கள் "கணவரின் சேவைக்கு உறுதுணையாக இருந்தவர்" என்ற ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. ஊர்த்தொண்டின் செலவில் பாதி குசினியிலிருந்துதான் போனது. அந்தக் கணக்கை அப்பம்மாவின் வாயாலேயே கேட்டு, அவர் சொல்கிற மாதிரியே, முறைப்பாடும் சேர்த்து எழுதுங்கள். தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தில் கொஞ்சம் திருத்தலாம். ஒலிப்பதிவைத் திருத்தாமல் வையுங்கள்.

எழுதும்போது ஒரேயொரு கட்டுப்பாடு போதும். ஒரு குணத்தை எழுதத் தோன்றும்போது பேனாவை நிறுத்தி, அதை எங்கே கண்டோம் என்று கேளுங்கள். "நேர்மையானவர்" என்று எழுத வந்தால், சங்கக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே லாச்சியில் வைக்கமாட்டார் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். "நேரம் தவறாதவர்" என்றால், காலை ஆறு மணிக்கு வாசிகசாலைக் கதவு திறக்கும் சத்தத்தில் எழும்பிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். ஒன்றுமே அகப்படவில்லையென்றால் அந்தக் குணத்தை விட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் குறையாது. இரண்டாயிரம் சொல் தேவையில்லை. ஆறு ஏழு சம்பவம் சரியாக வந்தால் எட்டுப் பக்கம் நிறைந்துவிடும்.

பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் எழுத விரும்புவார்கள். எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள், ஆனால் ஆளுக்கு ஒரு சம்பவம் மட்டும், அரைப் பக்கத்துக்குள். "எங்களை விட்டு எங்கே போனீர்கள்" என்று யார் தொடங்கினாலும் முதல் பந்தியை வெட்டிவிடுங்கள், பெரும்பாலும் இரண்டாவது பந்தியில்தான் கதை தொடங்கும். சின்னப் பிள்ளைகள் எழுதுவதைத் திருத்தவேண்டாம். அங்கே வளர்ந்த பேரப்பிள்ளை தமிழில் எழுதமாட்டேன் என்றால், சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள்.

திதி வெண்பாவைக் கட்டாயம் போடுங்கள். பாட்டுகள் எல்லாவற்றையும் கழித்தாலும் இது ஒன்று வேண்டும். அறுபது வருடச் சுற்றில் எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று நாலு வரிக்குள் அடக்கிவிடும். ஒரு வருடம் நிறையும்போது வரும் ஆட்டைத் திவசமும் அதற்குப் பிறகு வருடாவருடம் வரும் திவசமும் அந்தத் திதியில்தான் வரும். வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் எல்லாரும் நாட்காட்டியில் தேடப்போவதும் அதைத்தான். ஆங்கிலத் திகதியோடு உயிர் பிரிந்த நேரத்தையும் ஊரையும் கீழே குறித்துவிடுங்கள்; திதி ஒரு நாளின் இடையிலேயே மாறும், கனடா நேரத்துக்கும் ஊர் நேரத்துக்கும் பல மணித்தியால இடைவெளி இருக்கிறது, பிறகு குழப்பம் வரும். வெண்பா எழுத ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தியேட்டி செய்விக்கும் ஐயரிடமோ தமிழ் ஆசிரியர் ஒருவரிடமோ கேட்டுப் பாருங்கள்.

தேவாரம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் எல்லாம் வழக்கம்போல வரும். வீட்டில் படிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நான் எதிர்ப்பதில்லை. ஆனால் சிவபுராணத்தின் 95 வரியும் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் ஐந்தாறு மலரில் இருக்கிறது. பக்கம் போதாமல் போனால் அங்கே வெட்டுங்கள், அப்பப்பாவின் பக்கத்தில் வெட்டாதீர்கள். அவர் விரும்பிப் பாடிய பதிகம் ஒன்று இருந்தால் அதை மட்டும் போட்டாலும் போதும்.

படங்களில் மாலை போட்ட படம், அறுபதாம் கலியாணப் படம் எல்லாம் தானாக வந்துசேரும். நீங்கள் தேடவேண்டியது சனசமூக நிலையத்துக் குழுப்படங்களை. இரண்டு வரிசை கதிரை, பின்னால் நிற்பவர்கள், சுவரில் ஒரு பதாகை என்று இருக்கும். அந்தப் படத்தின் கீழே "இருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று எல்லாப் பெயரையும் எழுதுங்கள். இப்போது கேட்டால் பெயர் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பல குடும்பங்களுக்குத் தங்கள் தகப்பனின் இளவயதுப் படமாக அது ஒன்றுதான் கிடைக்கும், ஏனென்றால் 1987இலும் 1995இலும் ஓடியவர்கள் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

நினைவாக வேறு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மண்டபத்துக்குப் பெயர் வைப்பதை ஊர்தான் யோசிக்கவேண்டும், குடும்பம் காசு கொடுத்துக் கேட்பது அழகில்லை. அன்னதானம் உங்கள் வீட்டு விருப்பம். என்னைக் கேட்டால், வாசிகசாலைக்கு ஒரு வருடப் பத்திரிகைக் காசைக் கட்டிவிடுங்கள், முடிந்தால் வருடாவருடம். அதற்காக அவர் எத்தனை வீட்டுப் படலையைத் தட்டியிருப்பார் என்று கூட்டறிக்கைக் கொப்பி சொல்லும்.

கடைசியாக வேலை ஒழுங்கு. முப்பத்தொரு நாள் என்றாலும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை யாரும் எதையும் எழுதமாட்டார்கள்; அச்சகம் குறைந்தது ஒரு கிழமைக்கு முன் எல்லாவற்றையும் கேட்கும். ஆக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு கிழமை. வயதில் மூத்தவரிடம் முதலில் கதையுங்கள், உறவில் நெருக்கமானவரிடம் பிறகு கதைக்கலாம். மெய்ப்புப் பார்க்கும்போது பெயர்களை உங்கள் மாமி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்ட சம்பந்தியை அவர் உடனே பிடிப்பார். பக்க எண்ணிக்கை நாலால் பிரிபடவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கத்துக்குப் பூப்படம் போட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்து அச்சகங்கள் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிப்பதுண்டு. அப்படி அடித்தால் பிறகு இணையத்தில் தேடி எடுக்க முடியாது. எழுத்தை யூனிகோட்டிலும் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆகவும் வாங்கி வையுங்கள். ஒரு பிரதியை 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்குக் கொடுங்கள், அங்கே நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு இரண்டு. இரண்டு ஏன் என்றால், ஒன்றை யாராவது இரவல் கொண்டுபோய்த் திருப்பித் தரமாட்டார்கள்.